இல்லமும் அறிவியலும்: பழைய வன்தட்டிற்கு ஏற்ற உறை

நம் முன்னோர் குடும்பத்தின் அரிய பொருள்களை இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்து வந்தனர். நிலப் பத்திரம், திருமுழுக்குச் சான்றிதழ், பழுப்பேறிய நிழற்படங்கள், அயலூரிலிருந்து மகன் எழுதிய கடிதங்கள் ஆகிய யாவும் அந்தப் பெட்டியில் இருக்கும். என்றேனும் ஒரு நாள் பூட்டு துருவேறித் திறக்க மறுத்தால், எவரும் பெட்டியைத் தூக்கி எறிந்ததில்லை. பூட்டை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்து, வேறொரு பெட்டிக்கு மாற்றினர்.

இன்று அந்த இரும்புப் பெட்டியின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. திருமணப் படங்கள், பிள்ளைகளின் புதுநன்மைப் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரற்பதிவுகள், வீட்டுக் கணக்குகள் எல்லாம் அதனுள்ளேயே உறைகின்றன. ஆயினும், கணினி பழுதடைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பூட்டுக் கெட்டதற்காகப் பெட்டியையே எறிந்துவிடும் செயலுக்கு இது ஒப்பாகும்.

கணவரை இழந்த வாசகி ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ளார். கணவர் பயன்படுத்திய மடிக்கணினி இரண்டாண்டுகளாக இயங்கவில்லை. அதைப் பார்த்த கடைக்காரர், செப்பனிடும் செலவில் புதியதே வாங்கிவிடலாம் என்று கூறினாராம். உறவினர் ஒருவரோ, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வெளியுறை ஒன்றில் இட்டால் படங்களை மீட்டுவிடலாம் என்றாராம். கடையில் கேட்டபோது பத்து வகை உறைகளை எடுத்துக் காட்டினார்களாம். "எதை வாங்குவது, எப்படித் தெரிவு செய்வது?" என்பது அச்சகோதரியின் வினா. இது பல இல்லங்களின் வினாவாகவும் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

நினைவு எங்கே தங்கியிருக்கிறது?

மடிக்கணினி இயங்கவில்லை என்றால், பெரும்பாலும் பழுதடைந்திருப்பது தாய்ப்பலகையோ, திரையோ, மின்கலமோ, மின்னேற்றும் துளையோ ஆகும். படங்களும் எழுத்துகளும் இவற்றுள் எதிலும் இல்லை. அவை வன்தட்டு எனப்படும் தனியொரு பகுதியில் உள்ளன. மக்கள் வழக்கில் அதுவே ஹார்ட் டிஸ்க். கணினி மடிந்தாலும் வன்தட்டு நலமாக இருப்பது மிகவும் இயல்பு.

இக்கருவியின் வரலாறும் வியப்பிற்குரியது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்ட அப்பெரும் பெட்டியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த இடம் முழுவதையும் நிரப்பிவிடக்கூடும். அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்ட கருவி, இன்று சட்டைப் பையில் அடங்குகிறது.

வன்தட்டு நேராக யு.எஸ்.பி. துளையோடு பேச இயலாது. அதன் பேச்சுமுறை வேறு, யு.எஸ்.பி.யின் பேச்சுமுறை வேறு. இரண்டிற்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. கடையில் "கேஸ்" என்றும் "என்க்ளோசர்" என்றும் விற்கப்படும் வெளியுறை, அந்த மொழிபெயர்ப்புப் பணியையே செய்கிறது. மேலே தோன்றும் ஓடு வெறும் போர்வை. உள்ளே இருக்கும் சிறு சுற்றுப்பலகையும் அதன்மேல் பதித்த சில்லுமே உறையின் உண்மையான உறுப்புகள். பலரும் ஓட்டின் நிறத்தையும் மெருகையும் கண்டு உறை வாங்குகின்றனர். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தட்டைப் படியுங்கள்

காலின் அளவு அறியாமல் செருப்பு வாங்க எவரும் செல்வதில்லை. ஆகவே உறையைத் தேடுமுன் வன்தட்டு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

கணினியின் மின்னிணைப்பை முற்றிலும் நீக்கி, மின்கலத்தையும் பிரித்தபின் அடிமூடியைத் திறக்கவும். கையை முதலில் ஓர் உலோகப் பொருளின்மீது வைத்து எடுப்பது நல்லது. உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடக்கூடும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இப்பணியைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்து, தாமும் அருகில் இருப்பது சாலச் சிறந்தது. கழற்றிய தட்டை உங்கள் கையிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

நான்கு வகைகள் நம் இல்லங்களில் பெரும்பாலும் காணப்படும்.

முதலாவது, மடிக்கணினிகளில் உள்ள 2.5 அங்குலத் தட்டு. ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. சீட்டுக்கட்டைவிடச் சற்றுப் பெரியது எனலாம். ஓரத்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக இரண்டு தட்டையான இணைப்புகள் இருக்கும்; சிறியதில் 7 தொடுமுனைகள், பெரியதில் 15. இதற்குச் சாட்டா இணைப்பு என்று பெயர். சுழலும் பகுதி இல்லாத எஸ்.எஸ்.டி. வகையும் இதே வடிவில் வருவதுண்டு.

இரண்டாவது, மேசைக் கணினிகளில் உள்ள 3.5 அங்குலத் தட்டு. இது ஒரு சிறு நூலின் பருமனும் எடையும் உடையது. இதற்கும் அதே சாட்டா இணைப்புதான். மின்தேவை மட்டும் மிகுதி.

மூன்றாவது, மிகப் பழைய கணினிகளின் ஐ.டி.இ. வகை. இதில் தட்டையான இணைப்புகளுக்கு மாறாக ஊசிகள் இரு வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். 2005ஆம் ஆண்டிற்கு முன்னர் வாங்கிய கணினிகளில் இவ்வகை மிகுதி. இதற்கென அமைந்த உறையோ இணைப்பு வடமோ தனியே கேட்டு வாங்க வேண்டும்; சாட்டா உறை இதற்கு எவ்விதத்திலும் பொருந்தாது.

நான்காவது, அண்மைக் கால மடிக்கணினிகளில் உள்ள எம்.2 அட்டை. மெல்லும் பசைப் பொட்டலம் போன்று 22 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே உடையது. ஒற்றைத் திருகினால் பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் 2280 என்று குறித்திருந்தால், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2230, 2242 என்னும் குட்டை அட்டைகளும் உண்டு.

இந்த நான்காம் வகையில்தான் பெரும் குழப்பம் நேர்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் எம்.2 அட்டைகளுள் சாட்டா முறையில் பேசுவனவும் உண்டு, என்.வி.எம்.இ. முறையில் பேசுவனவும் உண்டு. ஒன்றிற்கு உரிய உறையில் மற்றொன்றை இட்டால் உறை ஊமையாகவே இருக்கும். பொன்னிறத் தொடுமுனைகள் உள்ள விளிம்பைக் காண்க. இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஐயமறத் தெளிய வேண்டுமாயின், ஒட்டுத்தாளில் அச்சிட்ட பெயரையும் எண்ணையும் கொண்டு உறுதி செய்யலாம். இரு முறைகளையும் ஏற்கும் உறைகளும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடும், மனக்கவலை குறையும்.

இவற்றோடு இன்னொன்றையும் கூறிவிட வேண்டும். சில புதிய மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையின்மீதே பற்றவைக்கப்பட்டுள்ளது. அதைக் கழற்ற இயலாது. எந்த உறையும் அங்கே உதவாது. மூடியைத் திறந்து பார்த்தபின் உறை வாங்கச் செல்வதே முறை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவும் தடிமனும்

2.5 அங்குலத் தட்டுகள் அனைத்தும் ஒரே தடிமன் உடையன அல்ல. 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் ஆகிய இரண்டுமே மடிக்கணினிகளில் வழக்கமானவை. மிகுந்த கொள்ளளவு உடைய சில தட்டுகள் 12.5 அல்லது 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்டிருக்கும். கடைகளில் விற்கும் உறைகளில் பெரும்பாலானவை 9.5 மில்லிமீட்டர் வரையே ஏற்கும். தடித்த தட்டை வலிந்து உள்ளே தள்ளினால் இணைப்பு முனை வளைந்துவிடும். மெல்லிய தட்டு உள்ளே ஆடாதிருக்க, உறையோடு தரும் மென்பஞ்சுத் துண்டைப் பயன்படுத்த வேண்டும். அதைத் தேவையற்றதென்று எறிந்துவிடுவது தவறு.

வடமும் வேகமும்

உறையின்மீது யு.எஸ்.பி. 2.0 என்றோ 3.0 என்றோ அச்சிட்டிருக்கும். 2000ஆம் ஆண்டில் வந்த 2.0 முறை நொடிக்கு 480 மெகாபிட் வேகம் உடையது. 2008ஆம் ஆண்டில் வந்த 3.0 முறையோ 5 கிகாபிட் வேகம் உடையது. நடைமுறையில் இவ்வேகம் முழுவதும் கைக்கு வருவதில்லை. 2.0 முறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரை கிடைக்கும். 3.0 முறையில் வடம் தடையாக இராது; பழைய சுழல்தட்டு எவ்வளவு வேகமாகத் தர வல்லதோ அவ்வளவு வேகம் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிகாபைட் அளவுள்ள படங்களையும் பதிவுகளையும் மாற்ற வேண்டும் என்க. நொடிக்கு 35 மெகாபைட் என்றால் ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகும். நொடிக்கு 90 மெகாபைட் என்றால் ஏறத்தாழ 37 நிமிடங்களில் முடியும். பழைய தட்டு எத்துணை நேரம் ஓட வேண்டியுள்ளதோ, அத்துணை நேரம் அதன் வலிமை சோதிக்கப்படுகிறது. எனவே இங்கே வேகம் என்பது ஆடம்பரம் அன்று. மீட்புப் பணிக்கு உதவும் பண்பு.

விற்பனைப் பெயர்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 3.0 என்பதும், 3.1 முதல் தலைமுறை என்பதும், 3.2 முதல் தலைமுறை என்பதும் வேகத்தால் ஒன்றே. மூன்றும் 5 கிகாபிட்தான். அவ்வாறே, இருபுறமும் செருகத்தக்க முட்டை வடிவ "டைப் சி" முனை என்பது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அன்று. அம்முனை கொண்ட வடங்களுள்ளும் 2.0 வேகத்தில் மட்டும் செல்வன உள. பழைய மடிக்கணினித் தட்டிற்கு 5 கிகாபிட் உறை போதும். என்.வி.எம்.இ. அட்டைக்கு மட்டும் 10 கிகாபிட் உறையை நாடலாம்.

மின்சாரம் போதுமா?

2.5 அங்குலத் தட்டு 5 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்குவது, யு.எஸ்.பி. துளையே அதற்கு மின்சாரம் தரும். ஆயினும் 2.0 துளை 500 மில்லியாம்பியர் வரையே தரக் கடமைப்பட்டது, 3.0 துளை 900 மில்லியாம்பியர் வரை தரும். சுழல்தட்டு ஓடத் தொடங்கும் முதல் சில நொடிகளில் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். அது கிடைக்காவிட்டால் தட்டு தொடங்கி நின்று, மீண்டும் தொடங்கி நின்று துன்புறும். "தட்டு கெட்டுவிட்டது" என்று பலர் முடிவு செய்யும் இடம் இதுவே. பெரும்பாலும் கெட்டது தட்டு அன்று. வடம் மெலிந்தது, அல்லது துளை வலுவற்றது. உறையோடு வந்த குட்டை வடத்தையே பயன்படுத்துக. மேசைக் கணினியாயின் முன்பக்கத் துளையை விடுத்துப் பின்பக்கத் துளையில் செருகுக. ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் இடைக்கருவிகளைத் தவிர்க்க.

3.5 அங்குலத் தட்டிற்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை. யு.எஸ்.பி. துளை இதைத் தராது. ஆகவே தனி அடாப்டரோடு கூடிய உறையையே வாங்க வேண்டும். தட்டின் ஒட்டுத்தாளிலேயே வோல்ட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருத்துங்கள்: வீட்டில் கிடக்கும் வேறொரு கருவியின் அடாப்டரை, முனை பொருந்துகிறது என்பதற்காக இதில் செருகிவிடலாகாது. மின்னழுத்தம் மாறினால் உறையும் தட்டும் ஒருசேரக் கருகிவிடும்.

கண்ணிற்குத் தோன்றாத இடைப்பலகை

முன்னர்க் கூறிய மொழிபெயர்ப்புச் சில்லே உறையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அதைக் கடையில் கண்ணால் கண்டு மதிப்பிட இயலாது. ஆயினும் மூன்று செய்திகளைக் கேட்டறியலாம்.

ஒன்று, கொள்ளளவு வரம்பு. பழைய சில்லுகள் 2 டெராபைட்டிற்கு மேற்பட்ட தட்டை முழுமையாக அறிய மாட்டா. உங்கள் தட்டு அதனினும் பெரியதாயின், எவ்வளவு வரை ஏற்கும் என்று உறையின் பெட்டியில் எழுதியிருப்பதைக் காண்க.

இரண்டு, யு.ஏ.எஸ்.பி. என்னும் முறைக்கு ஆதரவு. பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பின்னரே அடுத்த கட்டளை செல்லும். இப்புதிய முறையில் கட்டளைகள் வரிசையாகக் காத்திருந்து விரைந்து நிறைவேறும். எஸ்.எஸ்.டி.க்கு இதனால் நல்ல பயன் உண்டு. பழைய சுழல்தட்டிற்குப் பயன் குறைவே.

மூன்று, தட்டின் தன்மையை மறைக்காத நேர்மை. சில உறைகள், குறிப்பாகப் பெரிய தட்டுகளுக்கு உரியவை, தட்டின் உள்ளமைப்பைத் தம் போக்கில் மாற்றிக் கணினிக்குக் காட்டுகின்றன. அத்தகைய உறையில் வைத்துப் பயன்படுத்திய தட்டை வேறோர் உறைக்கு மாற்றினால், அது வெறுமையாக இருப்பதுபோல் தோன்றும். இன்னும் சில, எழுதும் யாவற்றையும் மறைகுறியாக மாற்றி எழுதுகின்றன. அந்தச் சில்லு பழுதானால் உள்ளிருப்பதைப் படிப்பது அரிதினும் அரிது. இதனால், நிறுவனத்தாரே தட்டோடு சேர்த்து விற்கும் கைத்தட்டுகளைப் பிரிக்க முற்படுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில் சாட்டா இணைப்பே இராது, யு.எஸ்.பி. முனை தட்டின் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

உலோகமா, நெகிழியா?

சுழல்தட்டை எப்போதாவது ஒருமுறை பயன்படுத்துவோர்க்கு நெகிழி உறையே போதும். மணிக்கணக்கில் ஓடப்போகிறது என்றால் அலுமினிய உறை நன்று. அது தட்டின் வெப்பத்தை வெளியே கடத்திவிடும். என்.வி.எம்.இ. அட்டைக்கோ அலுமினிய உறை இன்றியமையாதது. அவ்வட்டை வேலை செய்யும்போது கையில் சுடும் அளவிற்கு வெப்பமடையும். வெப்பம் மிகுந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அட்டைக்கும் ஓட்டிற்கும் இடையே வைக்கத் தரும் மென்பட்டையை மறவாமல் ஒட்ட வேண்டும். ஓடு சூடாவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறுகிறது என்பதற்கு அதுவே சான்று. சுழல்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் உறையை நகர்த்தவோ சாய்க்கவோ கூடாது. தலைமயிரின் தடிமனைக் காட்டிலும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் படிப்புமுனை தட்டின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. சிறு அதிர்வும் அதற்குப் பேரிடி.

திரையில் ஓர் எச்சரிக்கை

உறையில் இட்டு, வேறொரு கணினியில் இணைத்த உடனே படங்கள் தோன்றிவிட்டால் மகிழ்ச்சி. தோன்றாவிட்டால் மனம் தளர வேண்டாம். அதைவிட முக்கியமாக, அவசரப்பட வேண்டாம். "இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்; செய்யலாமா?" என்னும் வினா சில வேளைகளில் திரையில் எழும். அதற்கு ஒருபோதும் இசைவு தரலாகாது. குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் ஒரே அழுத்தலில் மறைந்துபோவது இவ்விடத்தில்தான்.

அவ்வினா எழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. உறை தட்டைத் தவறாகக் காட்டியிருக்கலாம். தட்டு ஆப்பிள் கணினியிலிருந்து வந்ததாயின், விண்டோஸ் கணினிக்கு அதன் அமைப்பு புரியாதிருக்கலாம். அண்மைய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் பூட்டும் முறை உண்டு. அப்பூட்டைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் வேண்டும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எனவே மறைந்தவரின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் எழுதிவைக்கப்பட்டுள்ளனவா என்று அவருடைய நாட்குறிப்பில் தேடிப் பார்ப்பது பயனற்ற வேலை அன்று. வாழும் நாளிலேயே கணவனும் மனைவியும் இவற்றை ஒருவருக்கொருவர் தெரிவித்து, எழுதி, ஓரிடத்தில் வைப்பது குடும்பப் பொறுப்பின் ஒரு பகுதி என்பதையும் இங்கே வற்புறுத்துகிறோம்.

தட்டிலிருந்து "டக், டக்" என்று ஒரே சீராக ஒலி எழுந்தால், முதலில் வடத்தையும் துளையையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதன்பின்னும் ஒலி நிற்காவிட்டால் உடனே இணைப்பை நீக்கிவிடுங்கள். உள்ளே படிப்புமுனை பழுதடைந்துள்ளது என்பதற்கு அது அறிகுறி. மீண்டும் மீண்டும் இயக்கினால், எஞ்சியிருப்பதையும் அம்முனை கீறி அழித்துவிடக்கூடும். விலையுயர்ந்த உறையை மாற்றி வாங்குவதால் அந்நோய் தீராது. தரவு மீட்புத் தொழிலில் தேர்ந்தவரிடம் கொண்டுசெல்வதே வழி. தட்டின் மூடியை வீட்டில் திறந்து பார்க்க எவரையும் அனுமதிக்க வேண்டாம்; ஒரு தூசித் துகளே அதன் அழிவிற்குப் போதுமானது.

உறை காவலன் அன்று

இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வந்துவிட்டோம். வெளியுறை ஒரு பாலம். அது காப்பறை அன்று. ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த தட்டைப் பளபளக்கும் உறையில் இட்டுவிட்டதால் அது இளமை அடைந்துவிடாது. ஆனால் பலர் செய்வது என்ன? படங்கள் திரையில் தோன்றியதும் கண்ணீர் மல்கப் பார்த்து மகிழ்ந்து, உறையை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். அடுத்த ஆண்டு எடுத்து இணைக்கும்போது தட்டு சுழல மறுக்கிறது. முதன்முறை இழந்தது கணினியை. இம்முறை இழப்பது நினைவுகளையே.

ஆகவே படங்கள் தோன்றிய அதே நாளில், அதே அமர்வில், அவற்றைப் படியெடுத்துவிடுங்கள். மீண்டும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: மறைந்தவரின் குரல், படங்கள், கையெழுத்துப் படிகள். கடையில் வாங்கத்தக்க பாடல்களும் திரைப்படங்களும் காத்திருக்கட்டும். படியெடுத்தபின் சில கோப்புகளைத் திறந்து பார்த்து, முழுமையாக வந்துள்ளனவா என்று உறுதி செய்யுங்கள். ஒரு படி வீட்டில் புதிய தட்டில் இருக்கட்டும். மற்றொரு படி வேறு ஊரில் வாழும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். வெள்ளமும் தீயும் திருட்டும் ஒரே நாளில் இரண்டு ஊர்களுக்கு வருவது அரிது. பென்டிரைவில் மட்டும் வைத்துவிட்டு நெடுங்காலம் மறந்துவிட வேண்டாம், எஸ்.எஸ்.டி.யும் அவ்வாறே. மின்னேற்றமாகப் பதிந்துள்ள எழுத்துகள், மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தால் மங்கக்கூடும். ஆண்டிற்கு ஒருமுறை, நினைவு நாளையோ பிறந்த நாளையோ குறித்துக்கொண்டு, குடும்பத்தோடு அமர்ந்து திறந்து பார்ப்பது எளிய சோதனையும் ஆகும். இனிய வழக்கமும் ஆகும்.

படியெடுத்த பின்னர், அப்பழைய தட்டை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாமா? திரைப்படம் எடுத்துச் செல்வது போன்ற சிறு பணிகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே படியை நம்பி ஒப்படைக்கும் பொருளாக மட்டும் அதைக் கருத வேண்டாம். பழைய தட்டைப் பிறர்க்கு விற்பதாயினும் எறிவதாயினும், உள்ளிருப்பதை முற்றிலும் அழித்தபின்னரே செய்ய வேண்டும். நம் வீட்டுச் செய்திகள் அயலார் கையில் விளையாட்டுப் பொருள் ஆகலாகாது.

கடைக்குச் செல்லுமுன்

ஒரு சிறு தாளில் ஐந்து செய்திகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். தட்டின் வகையும் அளவும்; இணைப்பு சாட்டாவா, ஐ.டி.இ.யா, என்.வி.எம்.இ.யா, தடிமன் அல்லது நீளம், கொள்ளளவு, உங்கள் கணினியில் உள்ள துளையின் வடிவம். இயன்றால் தட்டையே ஒரு துணியில் சுற்றி, சிறு பெட்டியில் இட்டு எடுத்துச் சென்று, கடையிலேயே பொருத்திப் பாருங்கள். 2.5 அங்குலத் தட்டிற்கு உரிய 3.0 உறை சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. விலை மிகக் குறைந்த, பெயரற்ற உறையைத் தவிர்த்து, மாற்றித் தரும் உறுதியும் விலைச்சீட்டும் உள்ளதைப் பெறுங்கள்.

வினா எழுப்பிய சகோதரிக்கு நாம் கூறுவது இதுவே: அந்த மடிக்கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் தட்டை எடுங்கள். வகை அறிந்து உறை வாங்குங்கள். திரை கேட்கும் வினாவிற்கு அவசரப்பட்டு இசையாதீர்கள். தோன்றிய அன்றே இரண்டு படிகள் எடுங்கள். செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைச் செலவிற்கு மேற்படாது. மீட்கப்படும் பொருளுக்கோ விலை குறிக்க எவராலும் இயலாது.